ஒரே சொல்லுக்கு இரண்டு வெட்டு: பிரெஞ்சு வினைச்சொல்லை அசையாகவும் உறுப்பாகவும் பிரிப்பது எப்படி?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கி மூன்றாவது வாரம். எழுந்து நின்று ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். குழந்தைகள் பேசுகிறார்கள் என்று பொருள்படும் ஒரு சின்ன வாக்கியம். 'லேஸாங்ஃபாங் பார்ல்' என்று முடித்திருக்க வேண்டும். கடைசியில் மூன்று எழுத்து சும்மாவா நிற்கும் என்று நம்பி, 'பார்லாங்' என்று ராகம் இழுத்தேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் கோபப்படவில்லை. "அந்த மூன்று எழுத்தையும் பென்சிலால் அடி, பிறகு படி" என்றார். அடித்தேன். அடுத்த வாரத் தேர்வில் அதே பழக்கத்தில் அந்த மூன்றையும் எழுதாமல் விட்டேன். மதிப்பெண் போயிற்று.

காதுக்கு இல்லாத எழுத்து, கைக்கு உண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பிரெஞ்சு வினைச்சொல்லை இரண்டு விதமாக வெட்டலாம். ஒன்று அசை வெட்டு, வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படி. இன்னொன்று உறுப்பு வெட்டு, பொருள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறதோ அப்படி. இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழாது. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளையானாலும் சரி, பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் வந்து சேர்ந்து வகுப்புக்குப் போகிறவரானாலும் சரி, இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த இரண்டு வெட்டையும் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே செய்திருக்கிறோம்.

முதலில் ஒரு தமிழ்ச் சொல்

'பேசுவோம்' என்ற சொல்லை எடுங்கள். வாயால் சொன்னால் மூன்று துண்டு: பே / சு / வோம். இப்போது பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதிய கையோடு பிரியுங்கள்: பேசு + வ் + ஓம். பேசு பகுதி, வ் எதிர்கால இடைநிலை, ஓம் தன்மைப் பன்மை விகுதி. 'வோம்' என்ற ஒரே அசைக்குள் காலமும் இடமும் சேர்ந்து குடியிருக்கின்றன. வெட்டு அசையின் நடுவே, மெய்க்கும் உயிருக்கும் இடையில் விழுகிறது.

இதே பொருளுக்குப் பிரெஞ்சில் 'நூ பார்லரோங்'. நூ என்பது நாம். மீதியைச் சொல்லிப் பாருங்கள்: பார் / ல / ரோங். உறுப்பாகப் பிரித்தால்: பார்ல் + அ + ர் + ஓங். பார்ல் பகுதி, ர் எதிர்கால இடைநிலை, ஓங் தன்மைப் பன்மை விகுதி. நடுவில் இருக்கும் அந்த மெல்லிய 'அ' நம் கணக்கில் சாரியை. 'வோம்' எப்படி வ் + ஓம் ஆகிறதோ, அப்படியே 'ரோங்' என்பது ர் + ஓங். இரண்டு மொழிக்கும் எந்த உறவும் கிடையாது, ஓம்-உம் ஓங்-உம் தற்செயலாக ஒத்துப்போகின்றன. தற்செயலோ இல்லையோ, நினைவில் வைக்க இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது.

ஓர் எச்சரிக்கை. நம் யாப்பிலக்கணத்து நேர், நிரையை இங்கே கொண்டுவர வேண்டாம். நிரையசையில் இரண்டு உயிர் அடங்கும். பிரெஞ்சில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையை எப்படிப் படிப்பது

பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். எழுத்துகளைத் தனியாகச் சொல்லும்போது நமக்குப் பழகிய ஆங்கில எழுத்துப் பெயர்களால் சொல்கிறேன். 'டீ' என்றால் டேபிளின் முதல் எழுத்து, 'டி' என்றால் டாக்டரின் முதல் எழுத்து. அதேபோல் 'பீ' பேப்பருடையது, 'பி' பஸ்ஸுடையது. 'ஈ' என்பது ஆங்கில வரிசையின் ஐந்தாம் எழுத்து, 'ஐ' ஒன்பதாம் எழுத்து. 'ங்' வரும் இடத்தில் மூக்கொலி, அழுத்தாமல் மூக்கில் தொட்டு விட்டுவிடுங்கள். சாய்கோடு ( / ) அசை வெட்டு, கூட்டல் குறி ( + ) உறுப்பு வெட்டு. நீங்கள் நோட்டில் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி, அசையைப் பென்சிலாலும் உறுப்பைச் சிவப்புப் பேனாவாலும் வெட்டுங்கள். இரண்டையும் ஒரே நிறத்தில் போட்டால் பத்து நாளில் பழைய குழப்பம் திரும்பிவிடும்.

படி 1: உயிரொலியை எண்ணுங்கள், உயிரெழுத்தை அல்ல

எத்தனை உயிரொலியோ அத்தனை அசை. எழுத்து ஏமாற்றும். 'ஏ-ஐ' சேர்ந்தால் எ. 'ஓ-யூ' சேர்ந்தால் ஊ. 'ஓ-ஐ' சேர்ந்தால் வா. 'ஈ-ஏ-யூ' மூன்றும் சேர்ந்து ஒரே ஓ. இவையெல்லாம் ஒரே உயிராகக் கணக்கு. 'நான் பேசிக்கொண்டிருந்தேன்' என்பதற்கு 'ஜ பார்லெ'. அந்த எ-க்காக 'ஏ-ஐ-எஸ்' என்று மூன்று எழுத்து நிற்கிறது, அசை ஒன்றுதான்: பார் / லெ.

படி 2: நடுவில் நிற்கும் மெய்யைப் பங்கிடுங்கள்

இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் இருந்தால் அது பின்னால் போகும். முடிப்பேன் என்பதற்கு 'ஜ ஃபினிரே': ஃபி / நி / ரே. இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்று: பார் / லே (பேசு), ரெஸ் / தே (தங்கு).

விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அடிக்கடி வரும். இரண்டாவது மெய் ல் அல்லது ர் ஆக இருந்து, முதல் மெய் அதோடு ஒட்டும் வகையானால் (ப்ல், க்ல், ஃப்ல், ப்ர், க்ர், த்ர், வ்ர் போன்றவை) ஜோடியைப் பிரிக்காதீர்கள். நுழைவது 'ஆங் / த்ரே', காட்டுவது 'மோங் / த்ரே'. 'சி-ஹெச்' போல் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தருவதையும் பிரிக்கக்கூடாது. தேடுவது 'ஷெர் / ஷே'.

ஒரே மெய்யெழுத்து இரட்டித்து வந்தால் எழுத்தில் நடுவே வெட்டுவார்கள், காதுக்கு ஒரே மெய்தான். கொடுப்பது எழுத்தில் தொன் / னே, சொல்லும்போது தொ / னே. இந்த வித்தியாசம் அற்பமாகத் தெரியும். படி 6-இல் இதே சங்கதி பெரிய வேலை செய்யப்போகிறது.

படி 3: ஊமை 'ஈ'

பிரெஞ்சில் தலைவலி கொடுப்பது மேலே எந்தக் குறியும் இல்லாத வெறும் 'ஈ'. எழுத்தில் அதற்கு அசை உண்டு, வாயில் சில நேரம் உண்டு, சில நேரம் இல்லை. 'நான் பேசுகிறேன்' எழுத்தில் இரண்டு அசை, 'பார் / ல'. பாரிஸ்காரர் வாயில் ஒன்றே, 'பார்ல்'. தென் பிரான்ஸில் பலர் அந்த 'ல'-வைக் கேட்கும்படியே சொல்வார்கள், அது தவறில்லை.

சொல்லின் நடுவில் வரும்போது ஒரு கைக்கணக்கு உதவும். முன்னால் ஒரே மெய் ஒலித்தால் 'ஈ' விழலாம், இரண்டு மெய் ஒலித்தால் நிற்கும். 'கொடுப்போம்' எழுத்தில் தொன் / னெ / ரோங் என்று மூன்று, பேச்சில் 'தொன் / ரோங்' என்று இரண்டு. 'பேசுவோம்' பேச்சிலும் மூன்றுதான், ஏனென்றால் ர், ல் இரண்டும் முன்னால் நிற்கின்றன. 'ஈ'-யை விழுங்கினால் ர்-ல்-ர் என்று மூன்று மெய் முட்டிக்கொண்டு நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

மரபுக் கவிதையில் கணக்கு வேறு. பன்னிரண்டு அசை கொண்ட அலெக்ஸாங்த்ரேங் அடியில், மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் வரும் ஊமை 'ஈ' எண்ணப்படும், உயிருக்கு முன் வந்தால் கரைந்துவிடும், அடியின் கடைசியில் வந்தால் எண்ணமாட்டார்கள். கவிதை படிக்கும்வரை இதைத் தள்ளி வையுங்கள்.

படி 4: உறுப்பை வாலிலிருந்து பிரியுங்கள்

இனி சிவப்புப் பேனா. தலையிலிருந்து தொடங்காதீர்கள். பகுதி ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும், விகுதிதான் நம்பகமான ஆள். 

நாம் என்றால் 'ஓ-என்-எஸ்', ஒலி ஓங். நிகழ்காலத்தில் இதற்குத் தப்பிய வினை 'இரு' என்ற பொருள் தரும் எத்ர் ஒன்றுதான், அதற்கு 'நூ ஸொம்'. நீங்கள் என்றால் 'ஈ-இசட்', ஒலி ஏ. தப்பியவை மூன்று: 'வூஸெத்', 'வூ ஃபெத்', 'வூ தித்'. முறையே இரு, செய், சொல். நீ என்றால் 'எஸ்', ஒலி கிடையாது. இயல் ('என்னால் முடியும்' என்பதில் வருவது), விரும்பு, மதிப்புப் பெறு என்ற மூன்றில் மட்டும் நிகழ்காலத்தில் 'எஸ்' இடத்தில் 'எக்ஸ்' வரும். அவர்கள் என்றால் பெரும்பாலும் 'ஈ-என்-டீ', அதற்கும் ஒலி கிடையாது. என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கியது இதுதான்.

இந்த 'ஈ-என்-டீ'யை வெறும் பிணமாக நினைத்துவிடாதீர்கள். தான் ஒலிக்காது, தனக்கு முன்னால் நிற்கும் மெய்யை ஒலிக்க வைக்கும். அவன் கிளம்புகிறான், 'இல் பார்'. அவர்கள் கிளம்புகிறார்கள், 'இல் பார்த்'. அவன் விற்கிறான், 'இல் வாங்'. அவர்கள் விற்கிறார்கள், 'இல் வாங்த்'. அவன் வருகிறான், 'இல் வ்யேங்', வெறும் மூக்கொலி. அவர்கள் வருகிறார்கள், 'இல் வ்யென்', மூக்கொலி போய் முழு ன் வந்துவிட்டது. பன்மை என்பது காதுக்கு எட்டுவது வாலில் இல்லை, வாலுக்கு முன் எழுந்து உட்காரும் மெய்யில்.

அதே மூன்று எழுத்து பெயர்ச்சொல்லின் கடைசியில் வந்தால் 'ஆங்' என்று முழங்கும். தலைவர் என்ற பெயர் ப்ரே / ஸி / தாங். அவர்கள் தலைமை தாங்குகிறார்கள் என்ற வினை ப்ரே / ஸித். எழுத்துக்கு எழுத்து இரண்டும் ஒன்றே! பிரெஞ்சுக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளை மடக்கச் சொல்லும் பழைய வாக்கியம் ஒன்று உண்டு: கன்னியர் மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. மடம் 'கூவாங்', அடைகாக்கின்றன 'கூவ்', எழுதினால் ஒரே சொல் இரண்டு முறை. அசை பிரிப்பதற்கு முன் அது பெயரா வினையா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

படி 5: இடைநிலையைத் தேடுங்கள்

விகுதியைக் கழற்றியதும் மிச்சத்தின் வாலைப் பாருங்கள்.

ர் இருந்தால் எதிர்காலம், அல்லது 'செய்திருப்பேன், செய்யலாமே' என்ற நிபந்தனை வடிவம். எந்த வினையானாலும் எதிர்காலத்தில் ர் தப்பாது. போ என்ற வினை முழுக்க உருமாறி 'ஜிரே' (போவேன்) ஆகிறது, அங்கேயும் ர் இருக்கிறது. ஒரு காலத்தில் இது இரண்டு சொல். லத்தீனில் 'கந்தாரே ஹபேஓ' என்றால் 'பாடுதல் உடையேன்', அதாவது பாட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒட்டித் தேய்ந்து எதிர்காலமாகிவிட்டது. அதனால்தான் எதிர்கால விகுதிகள், 'உடைமை' வினையான அவ்வாரின் நிகழ்கால வடிவங்களின் வால்களாகவே இருக்கின்றன: ஏ, ஆ, ஆ, ஓங், ஏ, ஓங்.

சில இலக்கணக்காரர்கள் பார்லே என்ற முழு வினைப்பெயரை அப்படியே பகுதியாக எடுத்து, அதோடு விகுதியைச் சேர்ப்பார்கள். தொடக்கநிலைப் பாடநூல்களில் அந்த வழியே அதிகம். எனக்கு ர்-ஐத் தனி இடைநிலையாக எடுப்பதுதான் பிடித்திருக்கிறது. நிபந்தனை வடிவத்திலும் அதே ர் வருகிறது, ஒரு முறை கண்டுகொண்டால் இரண்டு அட்டவணை மிச்சம்.

'ஏ-ஐ' அல்லது தனி 'ஐ' இருந்தால் தொடர் இறந்தகாலம். பார்ல் + எ + (ஊமை எஸ்) என்றால் நான் பேசிக்கொண்டிருந்தேன். பார்ல் + இ + ஓங் என்றால் நாம். ஒருமையிலும் 'அவர்கள்' வடிவத்திலும் 'ஏ-ஐ', நாம், நீங்கள் என்ற இரண்டில் மட்டும் 'ஐ'. இந்த இ-யும் ஓங்-உம் பேச்சில் வழுக்கி ஒன்றாகி 'யோங்' ஆகிவிடும்: பார் / ல்யோங். உறுப்பு மூன்று, அசை இரண்டு.

ர், இ இரண்டும் சேர்ந்து நின்றால் நிபந்தனை. 'நாம் முடிப்போமே' என்ற தொனிக்கு 'நூ ஃபினிர்யோங்': ஃபினி + ர் + இ + ஓங். அசையோ ஃபி / நி / ர்யோங். 'ர்யோங்' என்ற ஒரே அசைக்குள் மூன்று உறுப்பு.

படி 6: மிஞ்சுவது பகுதி, அதில் விகாரம் பாருங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். இங்கேதான் இரண்டு வெட்டும் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன.

பிரெஞ்சு படிக்கும் எல்லாரும் முதல் நாளே சொல்வது 'ஜ மப்பெல்', என் பெயர் இன்னது. அசை: ஜ / ம / பெல். என்னை என்ற 'ம்' வினையின் முதல் உயிரோடு ஒட்டி 'ம' ஆகிவிட்டது. இந்த வடிவத்தில் எழுத்தில் இரண்டு 'எல்'. 'எங்கள் பெயர்' என்று வரும்போது, 'அப்லோங்' என்று ஒலிக்கும் அந்த வடிவத்தில் ஒரே 'எல்'. பிள்ளைகள் கேட்பார்கள்: "ஏன் சார், ஒரு இடத்துல ரெண்டு, ஒரு இடத்துல ஒண்ணு?" அட்டவணையை மனப்பாடம் செய் என்று சொல்லிவிடலாம். பென்சிலை எடுத்து எழுத்து அசையைப் பிரித்துப் பார்த்தால் காரணமே தெரிந்துவிடும்.

இரண்டு 'எல்' உள்ள வடிவம்: ஏ-பீ / பீ-ஈ-எல் / எல்-ஈ. நடு அசை மெய்யில் முடிகிறது, கதவு சாத்தியிருக்கிறது. சாத்திய அசையில் வெறும் 'ஈ' வந்தால் 'எ' என்று ஒலிக்கும்.

ஒரு 'எல்' உள்ள வடிவம்: ஏ-பீ / பீ-ஈ / எல்-ஓ-என்-எஸ். நடு அசை உயிரில் முடிகிறது, கதவு திறந்திருக்கிறது. திறந்த அசையில் வெறும் 'ஈ' ஊமையாகிவிடும்.

அடுத்து வரும் அசையும் ஊமையாக இருந்தால் இரண்டு ஊமை அடுத்தடுத்து நிற்க முடியாது. அதனால் முதலாவது வாயைத் திறந்தாக வேண்டும். அதைத் திறக்க வைக்க மொழி இரண்டு உபாயம் வைத்திருக்கிறது: மெய்யை இரட்டித்துக் கதவைச் சாத்துவது, அல்லது 'ஈ' தலையில் இடமிருந்து வலமாகச் சரியும் கோடு போடுவது. அப்ளே (கூப்பிடு), ஜதே (எறி) இரண்டும் இரட்டிக்கும். அஷ்தே (வாங்கு), லவே (தூக்கு) கோடு போட்டுக்கொள்ளும். 1990 டிசம்பர் 6-இல் பிரெஞ்சு அரசிதழில் எழுத்துச் சீர்திருத்தம் வெளியானபோது, இரட்டிக்கும் வினைகள் பலவற்றைக் கோடு போடும் பக்கம் சேர்த்தார்கள். அப்ளே, ஜதே இரண்டையும் அவற்றின் குடும்பத்தையும் மட்டும் பழையபடியே விட்டுவைத்தார்கள். மக்கள் கை அவ்வளவு பழகிவிட்டது.

கதவு விதிக்கு மீறல் உண்டா? உண்டு. ஒத்திருப்பது என்ற வினையில் 'ஆர்-ஈ'க்குப் பின் இரண்டு 'எஸ்'. கணக்குப்படி 'ரெ' என்று ஒலிக்க வேண்டும், ஆனால் 'ரஸாங்ப்லே' என்றுதான் சொல்வார்கள். ஏனென்றால் அது ர + ஸாங்ப்லே, 'ர' ஒரு முன்னொட்டு. இரண்டாவது 'எஸ்' அங்கே ஸ ஒலியைக் காப்பதற்காக நிற்கிறது. ஒற்றை 'எஸ்' இரு உயிருக்கு நடுவே வந்தால் ரீங்காரமிட்டு இசட் ஒலியாகிவிடும். வினைக்கு முன்னொட்டு என்பது தமிழில் நமக்குப் பழக்கமில்லாத ஒன்று, அதனால் கண் தானாகத் தேடாது. கீழ்ப்படியாமல் இருப்பது 'தேஸோபேயிர்': அசை தே / ஸோ / பே / இர், உறுப்பு தேஸ் + ஓபேயி + ர். முன்னொட்டின் மெய் அடுத்த அசைக்குத் தாவிவிட்டது.

மற்ற விகாரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடு என்ற வினையில் 'ஓங்' வரும்போது 'ஜி'க்குப் பின் ஒரு 'ஈ' நுழையும், 'ஜி' தன் ஜ ஒலியை இழக்காமல் இருக்க. தொடங்கு என்ற வினையில் அதே காரணத்துக்காக 'சி'யின் கீழே ஒரு வால் தொங்கும். இரண்டும் கண்ணுக்கான விகாரம், காதுக்கு ஒன்றுமில்லை. 'ஐ' வரும் இடத்தில் இந்த இரண்டும் தேவைப்படாது.

ஃபினிர் வகை வினைகள் 300-க்கும் மேல். இவற்றில் பன்மையில் 'இஸ்' என்று ஒரு துண்டு முளைக்கும்: ஃபினிஸ் + ஓங். அசை ஃபி / நி / ஸோங். தொடர் இறந்தகாலத்திலும் அந்தத் துண்டு கூடவே வரும். தொடர் இறந்தகாலத்துக்குப் பகுதி வேண்டுமானால் 'நாம்' நிகழ்கால வடிவத்தை எடுத்து ஓங்-ஐக் கழற்றுங்கள், எத்ர் ஒன்றைத் தவிர எல்லா வினைக்கும் வேலை செய்யும்.

சந்தியும் உண்டு. வா என்ற வினையின் எதிர்காலம் 'வ்யேங்த்ரே'. பகுதியில் த-வே கிடையாது. ன்-க்கும் ர்-க்கும் நடுவில் நாக்கு தானாக ஒரு த் போட்டுக்கொள்கிறது. நன்றி என்று எழுதிவிட்டு நாம் 'நன்ட்றி' என்று சொல்கிறோமே, அதே உடம்பு வேலைதான். விரும்பு என்ற வினையில் ல்-க்கும் ர்-க்கும் நடுவில் இது நடந்து 'வூத்ர்' ஆயிற்று.

படி 7: இரண்டையும் மேலும் கீழுமாக எழுதுங்கள்

ஒரு முழு உதாரணம். 'நாங்கள் வாங்குவோமே': நூஸ் அஷெத்தர்யோங்.

அசை: அ / ஷெ / த / ர்யோங்
உறுப்பு: அஷெத் + அ + ர் + இ + ஓங்

அஷெத் பகுதி. அஷ்த் என்பது அஷெத் ஆனது விகாரம், 'ஈ' தலையில் கோடு. அ சாரியை. ர், இ இரண்டும் இடைநிலை. ஓங் தன்மைப் பன்மை விகுதி. தமிழ்த் தேர்வுத்தாளில் எழுதியது போலவே எழுதுங்கள், என் மாணவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். இங்கே படி 3-இன் கைக்கணக்கு பலிக்காது. முன்னால் ஒரே மெய் இருந்தும் அந்த 'அ' விழவில்லை, பின்னால் 'ர்ய்' என்று இரட்டை மெய் காத்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். இ + ஓங் வழுக்கி 'யோங்' ஆகும் என்றேன். முன்னால் த்ர், ப்ல் போன்ற ஒட்டு ஜோடி இருந்தால் வழுக்க முடியாது. இ தனி அசையாக நின்றுவிடும். கடையிலோ அலுவலகத்திலோ பணிவாக 'எங்களுக்கு வேண்டுமே' என்று கேட்க உதவும் சொல் 'நூ வூத்ரியோங்': வூ / த்ரி / யோங், மூன்று அசை. 'பார்ல்யோங்' போல இரண்டாகச் சுருக்கப் பார்த்தால் த்-ர்-ய் தொண்டையில் சிக்கும்.

சொல்லுக்கு வெளியே ஒட்டுவது

அவன் நேசிக்கிறான், 'இ / லெம்'. அவர்கள் நேசிக்கிறார்கள், 'இல் / ஸெம்'. இங்கே ஸ்-ஐ இசட் போல ரீங்காரமாகச் சொல்லுங்கள். ஒருமை, பன்மை வித்தியாசம் முழுவதும் அந்த ஒரு ரீங்காரத்தில் இருக்கிறது. அது வினையின் உறுப்பு இல்லை, முன்னால் நிற்கும் 'அவர்கள்' என்ற சொல்லின் ஊமை 'எஸ்' உயிரைக் கண்டதும் விழித்து, வினையின் முதல் அசையில் போய் ஏறிக்கொள்கிறது. பென்சில் கோடு அதை வினையோடு சேர்க்கும், சிவப்புக் கோடு சேர்க்காது.

கேள்வியில் வரும் 'த்'-உம் அப்படியே. 'அவன் பேசுகிறானா' என்பது 'பார்ல-த்-இல்'. இரண்டு உயிர் மோதாமல் இருக்க நாம் ய், வ் போடுவதுபோல அவர்கள் த் போடுகிறார்கள், உடம்படுமெய் என்றே வைத்துக்கொள்ளலாம். பகுதிக்கும் சொந்தமில்லை, விகுதிக்கும் சொந்தமில்லை என்பதால்தான் இருபுறமும் சிறுகோடு போட்டு எழுதுகிறார்கள்.

வரி முடிவில் உடைப்பது

கையெழுத்திலோ அச்சிலோ வரி முடிந்து சொல்லை உடைக்க வேண்டி வந்தால் எழுத்து அசைதான் சட்டம், உறுப்பு அல்ல. தனி எழுத்தை வரிக் கடைசியில் விடாதீர்கள். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் உடைக்காதீர்கள். எழுத்து விட்டுப்போனதைக் காட்டும் மேற்குறிக்கு (அப்பாஸ்ட்ரஃபி) பின்னும் உடைக்காதீர்கள். உயிர்களுக்கு நடுவே 'ஒய்' அல்லது 'எக்ஸ்' வந்தால் அதன் முன்னும் பின்னும் கை வைக்காதீர்கள். பணம் கொடு என்ற 'பேயே' அதனால்தான் வரி முடிவில் முழுசாகவே அடுத்த வரிக்குப் போகும்.

வெட்டக்கூடாதவை

எத்ர் என்ற வினையின் நிகழ்காலத்தை வெட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்வீ, எ, எ, ஸொம், எத், ஸோங், ஆறும் பகாப்பதம் என்று வைத்து மனப்பாடம் செய்துவிடுங்கள். போ என்ற வினை மூன்று வேறு வேர்களிலிருந்து ஒட்டுப் போட்டது: வ, அல், இ. ஒருமைக்கு வ, 'நாம் போகிறோம்' அலோங், 'போவேன்' இரே. பகுதி எது என்று இதில் தேடினால் மூன்றும் வரும். விகுதியை மட்டும் கழற்றிவிட்டு மேலே போங்கள்.

இன்று மாலை நோட்டில் மூன்று சொல் எழுதி இரண்டு நிறத்தில் வெட்டிப் பாருங்கள்: 'நாம் கொடுத்துக்கொண்டிருந்தோம்', 'நாம் நுழைந்துகொண்டிருந்தோம்', 'அவர்கள் முடிக்கிறார்கள்'. முதலாவது தொ / ன்யோங், தொன் + இ + ஓங். இரண்டாவது ஆங் / த்ரி / யோங், ஆங்த்ர் + இ + ஓங். உறுப்பில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே, அசையில்தான் ஒன்று கூடுகிறது. மூன்றாவது காதுக்கு ஃபி / நிஸ், அதாவது ஃபினிஸ் + ஒலிக்காத மூன்று எழுத்து. அந்த மூன்றையும் பென்சிலால் அடியுங்கள், சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள்.